பரவல் உண்டு, பங்கு இல்லை: கொல்கத்தா எழுத்தாளரின் வருவாய் வரலாறு

2016 டிசம்பரில் அமேசான் நிறுவனம் தன் கிண்டில் மின்னூல் கடையை ஐந்து இந்திய மொழிகளுக்குத் திறந்தது. இந்தி, தமிழ், மராத்தி, குஜராத்தி, மலையாளம் ஆகியவை அம்மொழிகள். எழுத்தாளர் தம் நூலைத் தாமே பதிவேற்றி, விலை வைத்து, உரிமைத்தொகை பெறும் நேரடிப் பதிப்பு வசதியும் இம்மொழிகளுக்குக் கிடைத்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் வங்காளத்தைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஏறத்தாழ 9.72 கோடி, இந்திக்கு அடுத்த இடம் அவர்களுடையது. தமிழைக் கொண்டோர் 6.9 கோடி, மலையாளத்தைக் கொண்டோர் 3.48 கோடி. ஆயினும் அந்த ஐந்தில் வங்காளம் இல்லை.

இந்த விடுபடலுக்குத் தொழில்நுட்பக் காரணமோ சந்தைக் காரணமோ இருந்திருக்கலாம். எழுதுபவரைப் பொறுத்தவரை விளைவு ஒன்றுதான். சென்னையில் அமர்ந்து தமிழில் எழுதியவருக்குத் திறந்த கதவு, கொல்கத்தாவில் அமர்ந்து வங்காளத்தில் எழுதியவருக்குத் திறக்கவில்லை. எழுத்தின் தரமோ வாசகரின் எண்ணிக்கையோ இதில் அளவுகோலாக இருக்கவில்லை. பட்டியலில் பெயர் உண்டா என்பதே அளவுகோலாக இருந்தது.

எழுத்தாளரின் வருவாயை ஒரு பட்டியல் தீர்மானிப்பது இணையம் கொண்டுவந்த புதுமை போலத் தோன்றும். கொல்கத்தாவின் பதிப்பு வரலாற்றைப் புரட்டினால், இவ்வழக்கத்திற்கு 170 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வயது உண்டு என்பது புலப்படும். ஒவ்வொரு காலத்திலும் அந்நகரத்து எழுத்துக்குப் பரவல் வழங்கப்பட்டது. பங்கு மட்டும் ஏதேனும் ஒரு நிபந்தனையால் மறிக்கப்பட்டது. நூல் முதலில் எங்கே வெளியானது என்பது முதல் நிபந்தனை. மொழிபெயர்ப்புக்கு விதிக்கப்பட்ட கால வரம்பு அடுத்தது. எழுத்தாளரின் வங்கிக் கணக்கு எந்த நாட்டில் உள்ளது என்பது இன்றைய நிபந்தனை.

1. முதல் வெளியீடு எங்கே?

1842ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் பதிப்புரிமைச் சட்டம், லண்டனில் முதலில் வெளியான நூலுக்குப் பேரரசு முழுவதும் காப்பளித்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளுக்கென 1847இல் தனிச்சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. இரண்டையும் அருகருகே வைத்து நோக்கினால் ஒரு சாய்வு தெரியும். லண்டன் நூலுக்குக் கல்கத்தாவில் காப்பு உண்டு. கல்கத்தாவில் முதலில் வெளியான நூலுக்கோ லண்டனில் காப்பு இல்லை. 1886ஆம் ஆண்டின் பன்னாட்டுப் பதிப்புரிமைச் சட்டம் வந்த பின்னரே குடியேற்ற நாடுகளில் முதலில் வெளியான நூல்களுக்கும் அக்காப்பு நீட்டிக்கப்பட்டது.

இவ்விடைவெளியில் எழுதியவர்களுள் ஒருவர் தோரு தத். பிரெஞ்சுக் கவிதைகளின் ஆங்கில மொழிபெயர்ப்பாக அமைந்த அவருடைய நூல் 1876இல் கல்கத்தாவின் பவானிப்பூரில் அச்சானது. லண்டனில் விமர்சகர் எட்மண்ட் காஸ் அதனைக் கண்டெடுத்து மதிப்புரை எழுதினார். மறு ஆண்டே, 21 வயதில், தோரு தத் மறைந்தார். லண்டன் பதிப்பு 1880இல் வெளிவந்தது. பவானிப்பூர்ப் பதிப்பை லண்டனில் எவரேனும் அப்படியே மறு அச்சிட்டிருந்தால், அதனைத் தடுக்கும் உரிமை முதல் வெளியீட்டின் வழியாக அவருக்கு வாய்த்திராது. புகழ் கடல் கடந்தது. உரிமை பவானிப்பூரிலேயே நின்றுவிட்டது.

அட்லாண்டிக்கின் மறுகரையில் நிலை இன்னும் கடுமையாக இருந்தது. 1891 வரை அமெரிக்கச் சட்டம் அயல்நாட்டு எழுத்தாளருக்குப் பதிப்புரிமையே வழங்கவில்லை. டிக்கன்ஸ் போன்ற புகழ்பெற்றோரும் அதனால் இழப்புற்றனர். 1891இல் உரிமை வழங்கப்பட்டபோது, அந்நூல் அமெரிக்க மண்ணிலேயே அச்சுக் கோக்கப்பட வேண்டும் என்ற நிபந்தனையும் உடன் வந்தது. பல திருத்தங்களுக்குப் பின் 1986இல்தான் இந்த அச்சு நிபந்தனை முற்றிலும் ஒழிந்தது. பெர்ன் உடன்படிக்கையில் அந்நாடு 1989இல்தான் இணைந்தது. எழுத்தாளரின் உரிமையை உள்நாட்டுத் தொழிலின் நலனோடு பிணைக்கும் இப்போக்கு, இன்றைய தளங்களின் தகுதி விதிகளைப் புரிந்துகொள்ள உதவும் முன்வரலாறாகும்.

2. அச்சகம் கைவசம் இருந்தவர்

இச்சாய்வுக்கு உள்ளூரிலேயே ஒரு விடை கண்டவர் ஈஸ்வர சந்திர வித்யாசாகர். மதன்மோகன் தர்க்காலங்காருடன் இணைந்து 1847இல் அவர் சமஸ்கிருத அச்சகத்தை நிறுவினார். நூல்களை விற்பதற்கெனத் தனிக் கிடங்கு ஒன்றும் அமைத்தார். 1855இல் வெளியான அவருடைய ‘வர்ண பரிசய்’ வங்கத்துக் குழந்தைகளின் எழுத்தறிவுக்குத் தலைமுறைகளாக அடிப்படை நூலாக நின்றது. எழுதுபவர், அச்சிடுபவர், விற்பவர் ஆகிய மூவரும் ஒருவரே ஆனதால், வாசகர் கொடுத்த காசு வழியில் எங்கும் தங்கவில்லை. அவ்வருவாயே அவருடைய கொடைகளுக்கும் விதவை மறுமணப் பணிகளுக்கும் துணை நின்றது.

வித்யாசாகரின் வெற்றி எழுத்தின் வெற்றி மட்டுமன்று. வழங்கல் பாதையின் உடைமையும் அதில் அடங்கும். அப்பாதை பிறர் கையில் இருந்த இடங்களில் எல்லாம் கல்கத்தா எழுத்தாளரின் கதை வேறாக இருந்தது.

3. பத்தாண்டு வரம்பு

பேரரசின் 1911ஆம் ஆண்டுச் சட்டத்தை இந்தியாவுக்குப் பொருத்திய 1914ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் நான்காம் பிரிவு தனித்துக் கவனிக்கத்தக்கது. பிரிட்டிஷ் இந்தியாவில் முதலில் வெளியான நூலின் மொழிபெயர்ப்பு உரிமை, வெளியான நாளிலிருந்து பத்தாண்டுகள் மட்டுமே ஆசிரியருக்கு உரியது என்று அப்பிரிவு விதித்தது. அப்பத்தாண்டுக்குள் ஆசிரியரோ அவர் அனுமதி பெற்றவரோ ஒரு மொழியில் மொழிபெயர்ப்பை வெளியிட்டால், அந்த ஒரு மொழிக்கு மட்டும் உரிமை தொடரும். லண்டனில் முதலில் வெளியான நூலுக்கு இவ்வரம்பு கிடையாது.

தாகூரின் நூல் ஒன்றைக் கொண்டே இதன் பொருளை விளக்கலாம். ‘கரே பாயிரே’ என்னும் வங்காள நாவல் 1916இல் நூலாக வெளிவந்தது. சுரேந்திரநாத் தாகூர் செய்த அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை மாக்மில்லன் நிறுவனம் 1919இல் லண்டனில் வெளியிட்டது. சட்டத்தின் கணக்குப்படி, 1926க்குப் பின் வங்காள மூலத்திலிருந்து எவரும் அனுமதியின்றித் தமிழாக்கலாம். அதே கதையை ஆங்கில நூலிலிருந்து தமிழாக்குபவர் அனுமதி பெற வேண்டும். கதை ஒன்று, படைத்தவர் ஒருவர். லண்டன் முகவரி பெற்ற வடிவம் முழுக் காப்புப் பெற்றது. கல்கத்தா முகவரி பெற்ற வடிவம் பத்தாண்டில் பொதுச்சொத்தாயிற்று.

தாகூர் இச்சாய்வைத் தாண்டியதற்கும் லண்டனே வழியாயிற்று. ஆங்கில ‘கீதாஞ்சலி’ 1912இல் லண்டன் இந்தியச் சங்கத்தின் வழியாக 750 படிகள் அச்சானது. 1913 மார்ச்சில் மாக்மில்லன் பதிப்பு வந்தது. அதே ஆண்டு நவம்பரில் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. தம் வங்காள நூல்களுக்கோ அவர் பிற்காலத்தில் வித்யாசாகரின் வழியைத் தேர்ந்தார். 1923இல் தொடங்கிய விஸ்வபாரதி பதிப்புத் துறை அவற்றின் வெளியீட்டை ஏற்றது. வெளிநாட்டு வருவாய்க்கு லண்டன், உள்நாட்டு வருவாய்க்குச் சொந்தப் பதிப்பகம் என்ற இரட்டை ஏற்பாடு அவரைப் போன்ற வெகு சிலருக்கே எட்டக்கூடியதாக இருந்தது.

இங்கே தமிழ் வாசகர் ஓர் உண்மையை நேர்கொள்ள வேண்டும். வங்க இலக்கியம் தமிழில் பெற்ற செல்வாக்கு பெரிது. சரத் சந்திரரின் நாவல்களைத் தமிழ்க் குடும்பங்கள் தம் மொழி நூல்களைப் போலவே வாசித்தன. த.நா. குமாரஸ்வாமி, ஆர். சண்முகசுந்தரம் முதலியோரின் உழைப்பு தமிழ் உரைநடைக்கே வளம் சேர்த்தது. அப்பரவல் நிகழ்ந்த காலத்தின் பெரும்பகுதியில், பத்தாண்டு கடந்த வங்க நூலுக்கு மொழிபெயர்ப்புத் தொகை தருமாறு சட்டம் எவரையும் கேட்கவில்லை. தமிழ்ப் பதிப்பகத்தார் மூல ஆசிரியருக்குத் தாமாகவே தொகை தந்திருக்கலாம். தரவேண்டும் என்ற கடமை இல்லை. தமிழ் வாசகரின் ஆதாயத்தில் வங்க எழுத்தாளரின் இழப்பும் கலந்திருந்தது.

ஆகவே பரவலைப் பழிப்பதும் எளிதன்று. விடுதலைக்குப் பின் இந்திய அரசே அதன் பக்கம் வாதிட்டது. 1967 ஸ்டாக்ஹோம் மாநாட்டில், வளரும் நாடுகளின் கல்விக்கு மொழிபெயர்ப்பு உரிமையைத் தளர்த்த வேண்டும் என்று வற்புறுத்திய நாடுகளுள் இந்தியா முன்னின்றது. 1971 பாரிஸ் திருத்தம் கட்டாய மொழிபெயர்ப்பு உரிமங்களுக்கு இடமளித்தது. அறிவு மலிவாகக் கிடைக்க வேண்டும் என்பது நேர்மையான கோரிக்கை. அம்மலிவின் செலவு யார் தலையில் விழுகிறது என்பதே தீராத கேள்வி.

4. ஆசிரியரே விலை கொடுத்தபோது

1958இல் புருஷோத்தம லால் கல்கத்தாவில் ‘ரைட்டர்ஸ் வொர்க்‌ஷாப்’ பதிப்பகத்தை நிறுவினார். லண்டனும் நியூயார்க்கும் கண்டுகொள்ளாத இந்திய ஆங்கிலக் கவிஞர்களுக்கு லேக் கார்டன்ஸ் வீடு ஒரு புகலிடமாயிற்று. கைத்தறிச் சேலைத் துணியில் கட்டப்பட்ட அந்நூல்கள் தனி அடையாளம் பெற்றன. ஆகா ஷாஹித் அலி, விக்ரம் சேத் ஆகியோரின் தொடக்கக் கவிதை நூல்கள் அங்கேதான் வெளிவந்தன. ஆனால் அதன் பொருளியல் தலைகீழானது. நூலின் படிகளில் ஒரு பகுதியை ஆசிரியரே முன்கூட்டி வாங்கிக்கொள்வது அங்கு நடைமுறையாக இருந்தது.

இதனைச் சுரண்டல் என்று எளிதில் ஒதுக்க இயலாது. வேறு எவரும் அச்சிட முன்வராத கவிதைகளை அப்பதிப்பகம் அச்சிட்டது. பிற்காலத்துப் பெரும் பெயர்கள் சில அங்கிருந்து புறப்பட்டன. எனினும் வரலாற்று வரிசையில் அதன் இடம் தெளிவு. உலகச் சந்தைக்கு வெளியே நின்ற எழுத்தாளர், வாசிக்கப்படுவதற்காகத் தாமே பணம் செலுத்த வேண்டியிருந்தது.

5. பணம் வரும் குழாய்

இணையம் முதல் வெளியீட்டின் இடத்தைப் பொருளற்றதாக்கியது. கொல்கத்தாவில் இரவு பதிவேற்றிய கட்டுரையை மறுநொடி நியூயார்க்கில் வாசிக்கலாம். அச்சு நிபந்தனையும் இல்லை, கப்பல் செலவும் இல்லை. ஆனால் பணம் வரும் குழாய் வேறு பாதையில் போடப்பட்டிருந்தது.

2010 பிப்ரவரியில் பேபால் நிறுவனம் இந்திய வங்கிக் கணக்குகளுக்குப் பணம் எடுப்பதைச் சில காலம் நிறுத்திவைத்தது. அவ்வாண்டு நவம்பரில் ரிசர்வ் வங்கி இத்தகைய இணைய வழி வரவுகளுக்கு விதி வகுத்தபோது, ஒரு பரிமாற்றத்திற்கு 500 டாலர் என்ற உச்சவரம்பை விதித்தது. 2011இல் அது 3,000 டாலராகவும், 2013இல் 10,000 டாலராகவும் உயர்ந்தது. அந்நியச் செலாவணிக் கட்டுப்பாட்டுக்கும் பணமோசடித் தடுப்புக்கும் தக்க காரணங்கள் உண்டு. அக்கட்டுப்பாட்டின் சுமை ஏற்றுமதி நிறுவனத்தின் மீதும், மாதம் ஒரு கட்டுரை விற்கும் தனியெழுத்தாளர் மீதும் ஒரே வகையில் விழுந்தது. நிறுவனத்திற்குக் கணக்கர் உண்டு; எழுத்தாளருக்கு இல்லை.

மீடியம் தளம் 2017இல் எழுத்தாளர் பங்குத் திட்டத்தைத் தொடங்கியது. சந்தாதாரர் வாசிப்பதற்கேற்ப எழுத்தாளருக்குத் தொகை பிரித்துத் தருவது அதன் ஏற்பாடு. பணம் வழங்கும் பொறுப்பு ஸ்ட்ரைப் என்னும் நிறுவனத்திடம் இருந்ததால், அந்நிறுவனம் முழுமையாக இயங்கும் நாடுகளே தகுதி நாடுகள் ஆயின. இந்தியா பல ஆண்டுகள் அப்பட்டியலுக்கு வெளியே நின்றது. 2023இல் பட்டியல் விரிக்கப்பட்டபோதுதான் இடம் கிடைத்தது. அதுவரை கொல்கத்தா எழுத்தாளருக்கு அங்கே எழுதத் தடையில்லை, வாசிக்கப்படத் தடையில்லை, ஊதியம் பெறத்தான் தடை. கட்டணச் சந்தா மடல்களுக்குப் பெயர்பெற்ற சப்ஸ்டாக் தளமும் ஸ்ட்ரைப்பையே நம்பியுள்ளது. அந்நிறுவனமோ 2024இல் இந்தியாவில் புதிய கணக்குகளை அழைப்பின் பேரில் மட்டுமே ஏற்கும் நிலைக்கு மாறியது.

எல்லையைச் சற்றே நகர்த்திப் பார்த்தால் இவ்விதிகளின் தன்மை மேலும் துலங்கும். டாக்காவும் கொல்கத்தாவும் ஒரே மொழியில் எழுதுகின்றன. கொல்கத்தாவில் வரம்புகளோடேனும் பேபால் வழி பணம் பெறலாம். வங்கதேசத்தில் அச்சேவையே இயங்கவில்லை. தமிழுக்கும் இதே பிளவு உண்டு. இலங்கையில் பேபால் நெடுங்காலம் பணம் அனுப்ப மட்டுமே பயன்பட்டது, பெறுவதற்குப் பயன்படவில்லை. சென்னைக் கவிஞரும் யாழ்ப்பாணக் கவிஞரும் ஒரே வாசகருக்காக எழுதலாம். வாசகர் தரும் பணம் ஒருவரை எட்டும், மற்றவரை எட்டாது.

6. பட்டியலுக்குள் வந்த பின்

தகுதிப் பட்டியலில் இடம்பெற்றதும் சமன்மை வந்துவிடுவதில்லை. கிண்டில் நேரடிப் பதிப்பில் உரிமைத்தொகை 35 விழுக்காடு, 70 விழுக்காடு என இரு வகை. அமெரிக்கக் கடையில் குறித்த விலை எல்லைக்குள் விற்கும் நூலுக்கு 70 விழுக்காடு பெறலாம்; நூலைப் பிற கடைகளிலும் விற்கலாம். இந்தியக் கடை விற்பனைக்கு 70 விழுக்காடு பெற வேண்டுமாயின், அம்மின்னூலை வேறெங்கும் விற்பதில்லை என்ற தனித் திட்டத்திற்கு உட்பட வேண்டும். இல்லையேல் 35 விழுக்காடுதான்.

வரியும் நாடு பார்த்தே விழுகிறது. அமெரிக்காவில் எழும் உரிமைத்தொகையில், ஒப்பந்தம் இல்லாத நாட்டு எழுத்தாளருக்கு 30 விழுக்காடு பிடித்தம். இந்தியருக்கு, உரிய படிவம் அளித்தால், 15 விழுக்காடு. பிரிட்டன் எழுத்தாளருக்குப் பிடித்தமே இல்லை. அயல்நாட்டில் செலுத்திய வரியை இந்திய வரியில் கழித்துக்கொள்ளலாம் என்பது உண்மை. ஆனால் கழிப்பதற்கு முதலில் இந்தியாவில் செலுத்த வேண்டிய வரி இருக்க வேண்டும். வருமானம் வரி வரம்பை எட்டாத சிறு எழுத்தாளருக்கு அந்த 15 விழுக்காடு திரும்பாத இழப்பு. வரி செலுத்தும் அளவுக்கு ஈட்டும் எழுத்தாளருக்கு அது சரிக்கட்டப்படும் தொகை. ஏழ்மை இருமுறை தண்டிக்கப்படும் இடம் இது.

இந்தியச் சட்டமும் மின்னூல் உலகை எதிர்பார்த்து எழுதப்பட்டதன்று. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 80 கியூ கியூ பி பிரிவு, நூலாசிரியரின் உரிமைத்தொகைக்கு 3 லட்சம் ரூபாய் வரை கழிவு அளித்தது. மொத்தத் தொகையாகப் பெறாதவருக்கு, விற்பனை மதிப்பில் 15 விழுக்காட்டுக்கு மேற்பட்ட உரிமைத்தொகையை அப்பிரிவு கணக்கில் கொள்வதில்லை. அச்சு நூலின் வழக்கத்தை மனத்தில் வைத்து வகுத்த எண் அது. 35 விழுக்காடோ 70 விழுக்காடோ பெறும் மின்னூலாசிரியர் அச்சட்டத்தின் கற்பனையில் இல்லை.

7. ஆய்வுக்குரிய ஆவணம்

இத்தனைக்கும் ஒரு தரப்பை மட்டும் குற்றவாளியாக நிறுத்த முடியாது. தளம் பணம் வழங்கும் நிறுவனத்தைக் காட்டும். அந்நிறுவனம் ரிசர்வ் வங்கியைக் காட்டும். ரிசர்வ் வங்கி செலாவணிச் சட்டத்தைக் காட்டும். ஒவ்வொருவர் சொல்லிலும் உண்மை உண்டு. 1914இல் சட்டம் இயற்றியவர்களிடமும் காரணம் இருந்தது. எவரும் கொல்கத்தா எழுத்தாளருக்குத் தீங்கு எண்ணவில்லை. விதியை வகுத்த இடத்தில் அவர் இல்லை என்பதே நிகழ்ந்தது.

உள்நாட்டுத் தளங்கள் வித்யாசாகரின் பாதையை நினைவூட்டுகின்றன. 2014இல் பெங்களூருவில் தொடங்கிய பிரதிலிபி, வங்காளத்தையும் தமிழையும் ஒரே தளத்தில் ஏற்றது. பணம் எல்லை தாண்ட வேண்டிய தேவையும் குறைந்தது. ஆயினும் வித்யாசாகர் அச்சகத்தின் உடைமையாளர். தளத்தில் எழுதுபவர் உடைமையாளர் அல்லர். பங்கின் அளவை இங்கும் வேறொருவரே வகுக்கிறார்.

ஆய்வு மாணவர்களுக்கு இதில் ஒரு பணி காத்திருக்கிறது. பதிப்பு வரலாறு இதுவரை அச்சகங்களையும் முதற்பதிப்புகளையும் விற்பனைப் பட்டியல்களையும் திரட்டியது. தளங்களின் தகுதி நாடுகள் பட்டியல், ஆதரிக்கப்படும் மொழிகளின் பட்டியல், உரிமைத்தொகை விகித அறிவிப்பு ஆகியவையும் இனி அதே வரிசையில் வைத்துக் காக்க வேண்டிய மூல ஆவணங்கள். 1914ஆம் ஆண்டுச் சட்டத்தின் நான்காம் பிரிவு அரசிதழில் இருந்ததால் இன்றும் வாசிக்கக் கிடைக்கிறது. தளத்தின் பட்டியலோ ஓர் இரவில் மாற்றப்பட்டு, பழைய வடிவம் தடமின்றி மறையலாம். எந்த ஆண்டு வரை எந்த மொழி, எந்த நாடு வெளியே நின்றது என்பதை அன்றன்றே பதிந்து வைக்காவிட்டால், நாளைய ஆய்வாளர் வங்காளத்தில் மின்னூல் எழுதுவோர் அக்காலத்தில் குறைவு என்று முடிவு செய்துவிடக்கூடும்.